ஒரு கட்டை கீழே

லைப்சிக் நகரத்து இசை வாரப் பத்திரிகை, ஹைன்ஸ்டாட் ஊருக்கு வியாழக்கிழமை காலை ரயிலில் வந்து சேரும். அந்த வாரத்து இதழில் நாலு பக்கத்துக்கு ஆல்பின் ஹெம்பெலை உரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஆல்பின் அதை நின்றபடியே படித்தார், பிறகு உட்கார்ந்து ஒருமுறை படித்தார். எதிரே அக்கா ஒட்டீலியே காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பையின் அடியில் வரைந்திருக்கும் பூ மேலே தெரியும் அளவுக்கு நீர்த்த காப்பி.

"யாருடா எழுதியிருக்கான்?"

"பேராசிரியர் எர்ட்மான்."

"அந்த மனுஷனுக்கு உன்மேல என்ன காண்டு?"

"காண்டு இல்லக்கா. அவர் சொல்றது நெஜம். அதான் பிரச்சினை."

நாற்பத்தொரு வயதில் ஆல்பினுக்குச் சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு வேலைதான். அதற்காகப் பள்ளிக்கூடத்து லத்தீன் ஆசிரியர் பதவியையும் விட்டிருந்தார். அந்த ஊர் யாக்கோபு தேவாலயத்தில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இசைப் பொறுப்பில் இருந்தவர் காஸ்பர் ரூடெல். அவருடைய பண்டிகைப் பாடல்கள் ஆறு, தேவாலயத்துப் பொருளறையில், பாட்டு எண் எழுதிப்போடும் பலகைகளுக்கு அடியில் ஆறு கட்டுகளாகக் கிடந்தன. பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் ஆல்பின் அவற்றைக் கண்டெடுத்தார். அன்றிலிருந்து அவற்றைச் சீர்செய்து அச்சில் கொண்டுவருவதுதான் அவர் வாழ்க்கை. முதல் தொகுதி போன வருஷம் வந்தது. இரண்டாவது அச்சுக்கூட வாசலில் நின்றது.

அந்தக் காலத்தில் ஒரு பாட்டை மேடையேற்ற வேண்டுமென்றால், பாடுபவர் ஒவ்வொருவருக்கும் வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் எழுதிக் கொடுப்பார்கள். வயலின்காரரின் தாளில் வயலின் மட்டும் இருக்கும். பாட்டு முடிந்ததும் எல்லாத் தாளையும் திரட்டி, ஆர்கன்காரரின் பெரிய தாளுக்குள் மடித்துக் கட்டிவிடுவார்கள். வெளியே தெரிவது ஆர்கன் தாள் என்பதால் இயற்றியவரின் பெயரை அதில் மட்டும்தான் எழுதுவார்கள். ரூடெலின் கட்டுகளும் அப்படித்தான் இருந்தன. அவர் பெயர் ஆர்கன் தாளைத் தவிர வேறெங்கும் இல்லை.

சிக்கல் அந்தத் தாளில்தான் இருந்தது. பாடகர்களும் வயலின்களும் 'சி' சுருதியில் இருந்தால், ஆர்கன் தாள் அதற்கு ஒரு கட்டை கீழே இருந்தது. ஒரு பாட்டில் மட்டுமல்ல, ஆறிலும் இதே கதை. தாளில் உள்ளபடி சேர்த்து வாசித்தால் தெருநாய் கூட எழுந்து போய்விடும்.

முதல் தொகுதியைத் தயாரித்தபோது ஆல்பின் இதைப் பார்த்தார், யாரோ பிரதியெடுத்தவன் தூங்கிவழிந்திருக்கிறான் என்று நினைத்தார், ஆர்கன் பகுதியை ஒரு கட்டை உயர்த்தி அச்சிட்டார். உயர்த்தியதைப் புத்தகத்தில் எங்கேயும் சொல்லவில்லை. ஒரு அடிக்குறிப்பு போட்டிருந்தால் போதும். அழகான பக்கத்தை அது கெடுக்கும் என்று தோன்றியது, விட்டுவிட்டார்.

எர்ட்மான் மூலக் கட்டுகளை வரவழைத்துப் பார்த்துவிட்டார். அவர் எழுதியிருந்தது இதுதான்: ஆறு முறையும் ஒரே இடத்தில் தூங்கிய எழுத்தரை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. இந்தத் தாள்கள் ஒருநாளும் ஒன்றாக ஒலித்திருக்க முடியாது. யாரோ பெயர் தெரியாத ஒருவரின் பாடல்களை, ரூடெல் தன் வசதிக்காகச் சுருதி இறக்கி ஆர்கனில் வாசித்திருக்கிறார், அந்தத் தாளில் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறார். பாடல்கள் அவருடையவை அல்ல. டாக்டர் ஹெம்பெல் இந்த முரண்பாட்டை வாசகர்களிடமிருந்து ஏன் மறைத்தார்?

ஆல்பினிடம் ஒரு பதில் இருந்தது, ஆனால் அது நொண்டிப் பதில். இசைத்தாளில் ஐந்து கோடு போட, ஐந்து முனை உள்ள ஒரு பேனா உண்டு. ஒரே இழுப்பில் ஐந்து கோடும் விழும். அந்தப் பேனாவைக் கருமான் கையால் செய்வதால், ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ரூடெல் கட்டுகளில் எல்லாத் தாளிலும் நாலாவது கோடு கொஞ்சம் தடித்திருந்தது, ஆர்கன் தாளிலும் அப்படியே. ஆகவே எல்லாம் ஒரே மேஜையில் கோடு போட்ட தாள்கள். இதை முன்னுரையிலேயே எழுதியிருந்தார். எர்ட்மான் அதற்கும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டார்: ஒரு நல்ல பேனா பத்து வருஷம் உழைக்கும், அதே பேனாவில் யாருடைய பாட்டையும் எழுதலாம்.

சனிக்கிழமை பதிப்புக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் இரண்டாம் தொகுதியை நிறுத்திவிடுவார்களாம். அன்று மாலையே பாடகர் சங்கத் தலைவர் வீடு தேடி வந்தார். பண்டிகையன்று பாடுவதாக இருந்த ரூடெல் பாட்டை இப்போதைக்குத் தள்ளிவைத்திருப்பதாக, தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

"தள்ளிவெச்சிருக்காங்களாம்! ரெண்டு மாசமா தொண்டை வத்த வத்தப் பாடினது யாரு?" என்றாள் ஒட்டீலியே. அவள் அந்தச் சங்கத்தில் இருபது வருஷமாகப் பாடுகிறாள். "நீயும் வாயைத் தெறந்து ஒரு வார்த்தை சொன்னியா?"

"என்ன சொல்லச் சொல்ற?"

"எனக்கென்னடா தெரியும்? பேனாவைப் பத்தி மட்டும் சொல்லாத. அதைக் கேட்டுக் கேட்டு எனக்கே கொட்டாவி வருது."

திங்கட்கிழமை ஆல்பின் தேவாலயத்துக்குப் போனார். பண்டிகைக்காக ஆர்கனைச் சுருதி சேர்க்க ட்ராவ்காட் குன்ட்ஸே வந்திருந்தான். ஆர்கன் கட்டும் குடும்பத்துப் பையன், வயது முப்பதுக்குள் இருக்கும். சங்கம் பாடப்போவதில்லை, அவசரப்பட வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனார்.

ஆல்பினுக்கு இசை என்றால் தாள். தாளைப் பார்த்தாலே முழுப் பாட்டும் காதில் கேட்கும். உயரம் மட்டும் ஆகாது. ஆர்கன் மாடத்துக்கு நாற்பத்தெட்டுப் படி என்பதால் பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட மேலே ஏறியதில்லை. கீழே நின்றே குரல் கொடுத்தார்.

"யாரது?" ஆர்கனின் வயிற்றுக்குள்ளிருந்து பதில் வந்தது. "யாரா இருந்தாலும் சரி, மேல வாங்க! என் ஆளு தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிட்டான். கட்டையை அமுக்க ஒரு விரல் வேணும். ஒரே ஒரு விரல்!"

"நான் ஹெம்பெல்."

"டாக்டர் ஐயாவா? பத்து விரலும் மை பூசின விரல். பரவால்ல, வாங்க வாங்க."

ஆர்கனைச் சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவன் உள்ளே குழாய்களுக்கு நடுவில் நின்று தட்டித் திருகுவான், இன்னொருவன் வெளியே உட்கார்ந்து அவன் சொல்லும் கட்டையை அழுத்திப் பிடிப்பான். மூன்றாவதாக, காற்றுக்குத் துருத்தி மிதிக்கும் கிழவர் ஒருவர் பின்னால் முனகிக்கொண்டிருப்பார். ஆல்பின் சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினார். உட்கார்ந்ததும் கீழே பார்க்காமல் கட்டைகளைப் பார்த்தார்.

"ஐயா, இந்த மரக்குழாய் வரிசையில ஒண்ணு மூச்சு விடமாட்டேங்குது. இருங்க, எதுன்னு பாக்கறேன்... ஆங், இதான். குழாய்ல 'சி'ன்னு சூடு போட்டிருக்கு."

ஆல்பின் 'சி'யை அழுத்தினார். எங்கோ வேறு மூலையில் ஒரு குழாய் கணீரென்று ஒலித்தது.

"அது இல்லீங்க, ஒரு கட்டை மேல. 'டி'யை அமுக்குங்க."

"'சி'ன்னு தானே சொன்னே?"

"குழாய்ல 'சி'ன்னு எழுதியிருக்குன்னு சொன்னேன். இங்க பழைய குழாய் எல்லாத்துக்கும் பேரு ஒண்ணு, வேலை ஒண்ணு. விடுங்க, 'டி'யை அமுக்குங்க."

ஆல்பின் அழுத்தவில்லை. கட்டைமேல் வைத்த விரல் அப்படியே நின்றது.

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். 'டி' கட்டையில 'சி' நிக்குது, 'ஈ' கட்டையில 'டி' நிக்குது. எங்க பெரியப்பா செஞ்ச வேலை."

"ஏன் அப்படிச் செஞ்சார்?"

"சுருதியை இறக்கத்தான். அந்தக் காலத்து ஆர்கன் எல்லாம் கத்துமாமே. வயலின்காரங்களோட சுருதிக்கு ஒரு கட்டை மேலேயே இருக்கும். குழாய் குட்டையா இருந்தா தகரம் மிச்சம், பாருங்க." குன்ட்ஸே தூசி படிந்த முகத்தைக் குழாய்களுக்கு நடுவிலிருந்து நீட்டினான். "ஐயா, என்ன ஆச்சு? மயக்கமா? கீழ பாத்துட்டீங்களா?"

"உள்ள வரணும். எப்படி வரது?"

உள்ளே ஏணி. ஆல்பின் அதில் ஏறியதைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, துருத்திக் கிழவரைத் தவிர.

குன்ட்ஸே மெழுகுவர்த்தியைப் பிடித்துக் காட்டினான். நீளமான குழாய் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும், குட்டையான குழாய் உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். இருக்கிற குழாயை நீளமாக்குவது பெரும்பாடு. அதனால் பெரியப்பா சுலபமான வழி ஒன்றைப் பிடித்திருக்கிறார். தேவாலயத்து நீளப் பெஞ்சில் எல்லோரும் ஓர் இடம் தள்ளி உட்கார்வதுபோல், ஒவ்வொரு குழாயையும் பிடுங்கி ஒரு கட்டை மேலே நட்டுவிட்டார். 'சி' என்று பெயர் பொறித்த குழாய் 'டி' கட்டைக்குப் போயிற்று. நடுவிலுள்ள கறுப்புக் கட்டையையும் சேர்த்து, பெஞ்சின் தாழ்ந்த கோடியில் இரண்டு இடம் காலியானது. அங்கே மட்டும் புதிதாக இரண்டு பெரிய குழாய் செய்து வைத்தார். அந்த இரண்டும் வேறு மரம், வேறு நிறம், எழுத்தின் வளைவுகூட வேறு. ஆர்கனின் பழைய மரப்பெட்டிக்கு உட்புறத்தில், அதைக் கட்டியவரின் பெயரும் 1708 என்ற ஆண்டும் செதுக்கப்பட்டிருந்தன. அது ரூடெல் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம்.

ஆல்பின் அங்கேயே ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார். ரூடெலின் ஆர்கன் மற்ற எல்லோரையும்விட ஒரு கட்டை மேலே ஒலித்தது. ஆகவே ரூடெல் ஆர்கன்காரருக்கு மட்டும் ஒரு கட்டை கீழே எழுதிக் கொடுத்தார். கை கீழே வாசிக்கும், சத்தம் சரியான இடத்தில் வந்து விழும். அதில் தவறே இல்லை. அந்தத் தாள் இந்த ஊருக்காக, இந்த மாடத்துக்காக, இந்தக் குழாய்களுக்காக எழுதப்பட்டது.

"ஐயா," என்றான் குன்ட்ஸே, "அழுறீங்களா, சிரிக்கிறீங்களா? தூசியில தெரியல."

வீட்டுக்கு வருவதற்குள் பதில் மனதுக்குள் தயாராகிவிட்டது. அற்புதமான பதில். பழைய ஆர்கனின் உயர்ந்த சுருதியைக் கணக்கில் கொண்டே ஆர்கன் பகுதியை உயர்த்தி அச்சிட்டேன், பேராசிரியருக்கு இது தெரியாதது வியப்பளிக்கிறது. வந்ததும் அதை எழுதி, அக்காவிடம் வாசித்துக்கூடக் காட்டினார்.

ஒட்டீலியே ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இது தெரிஞ்சுதான் மாத்தினியா?"

"இல்ல."

"எப்போ தெரிஞ்சது?"

"இன்னைக்கு. பதினொரு மணிக்கு."

"அப்போ இதென்னடா?"

ஆல்பின் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டார். ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போய், புதுத் தாளில் எழுத ஆரம்பித்தார். 'எழுத்தர் தூங்கிவிட்டார் என்று நினைத்து நான் திருத்தினேன். திருத்தியதைச் சொல்லாமலும் விட்டேன். எழுத்தர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். தூங்கியவன் நான்.' முதல் பக்கம் அதோடு முடிந்தது, அதற்குப் பிறகு குழாய்களைப் பற்றி ஏழு பக்கம். ஒரு பிரதி பதிப்புக் குழுவுக்கு, ஒரு பிரதி எர்ட்மானுக்கு.

நாலாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் எர்ட்மானே ரயிலில் வந்து இறங்கினார். ஆள் கனத்த உடம்பு, கறுப்புக் கோட்டு, கையில் தோல்பை. வீட்டு வாசலில் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஹெம்பெல், உங்க எட்டுப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சேன். மொதல் பக்கம் எனக்குப் பிடிச்சது. மத்ததை நான் நம்பல. குழாயைக் காட்டுங்க."

குன்ட்ஸே இன்னும் ஊரில்தான் இருந்தான். பேராசிரியர் ஆர்கனின் பக்கக் கதவில் பாதி நுழைந்து நின்றார்.

"மூச்சை விட்டுட்டு வாங்க, பேராசிரியரே," என்றான் குன்ட்ஸே உள்ளேயிருந்து. "பிஷப் ஒருத்தர் இப்படித்தான் மாட்டிக்கிட்டாரு. கதவைக் கழட்டித்தான் எடுத்தோம்."

"எந்த பிஷப்?"

"பேரைச் சொன்னா நல்லா இருக்காது."

எர்ட்மான் ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். ஆல்பின் கட்டையை அழுத்த, அவர் எழுத்தை உரக்கப் படித்தார். நாற்பது குழாய் வரை அப்படியே போனது. பிறகு கோட்டிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"நகர்த்தியிருக்காங்க, ஒத்துக்கறேன். ஆனா ரூடெலோட தாளும் மத்த தாளும் சேர்ந்து ஒலிச்சதுன்னு இதுல எங்க இருக்கு? நீங்க கணக்குப் போட்டுச் சொல்றீங்க. கணக்கு எனக்கும் வரும். எனக்குக் காது கேக்கணும்."

இன்றைய ஆர்கனில் அந்தத் தாளை வாசித்தால் மறுபடியும் நாராசமாகத்தான் இருக்கும். அப்போது, மாடத்துப் படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஒட்டீலியே குன்ட்ஸேயைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏம்ப்பா, தள்ளி உக்காந்தவங்களைத் திரும்பப் பழைய எடத்துல உக்காரவைக்க முடியாதா?"

குன்ட்ஸே தலையைச் சொறிந்தான். "எல்லாத்தையும் முடியாதும்மா, ஒரு மாசம் ஆகும். ஆனா இந்த மரக்குழாய் ஒரு வரிசை... பாட்டுக்குத் துணையா வாசிக்கறது இதைத்தானே? நடுவுல முப்பது குழாய் போதும். அரை மணி நேரம்."

முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு குழாயும் ஒரு கட்டை இறங்கியது. பழைய துளைகளில் அவை ஒட்டுப்போட வேண்டாத அளவுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தன. குன்ட்ஸேகூட அதைப் பார்த்து விசில் அடித்தான்.

ஆல்பின் பெந்தெகொஸ்தே பாட்டின் ஆர்கன் தாளை முன்னால் விரித்தார். உயர்த்தாத, திருத்தாத, ரூடெல் எழுதிய அந்தத் தாள். ஒட்டீலியே பக்கத்தில் நின்று தன் பாட்டுத் தாளைப் பிரித்தாள். அது 'சி'யில் இருந்தது. எர்ட்மான் சுருதிக்கவையை முழங்காலில் தட்டி, அவள் காதருகே பிடித்தார். துருத்தி ஏறி இறங்கியது.

முதல் நாலு அடி ஆர்கன் மட்டும். ஆல்பின் அப்படியொன்றும் நல்ல வாசிப்புக்காரர் அல்ல. விரல் ஒரு கட்டை கீழே நிற்க, காது ஒரு கட்டை மேலே கேட்டது. படியில் கால் வைத்தால் படி தானாக உயர்வதுபோல் இருந்தது. ஒருமுறை தடுமாறினார். ஐந்தாவது அடியில் ஒட்டீலியே மூச்சிழுத்துப் பாடினாள்.

இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தன. கீழே மரக்குழாய் மெதுவாக நடக்க, மேலே குரல் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு போயிற்று. ஓரிடத்தில் குரல் இறங்க வேண்டிய நேரத்தில் ஆர்கன் ஏறி வந்து வழியில் சந்தித்தது. அந்தச் சந்திப்பை ஆல்பின் பன்னிரண்டு வருஷமாகத் தாளில் பார்த்திருந்தார். இப்போதுதான் அது காற்றில் நடந்தது.

பாட்டு நின்றது. துருத்திக் கிழவர் மிதிப்பதை நிறுத்த மறந்துபோய் இன்னும் நாலு மிதி மிதித்தார்.

எர்ட்மான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "அம்மா, மறுபடி ஒரு தடவை," என்றார். மறுபடி பாடினாள். முடிந்ததும் தோல்பையைத் திறந்து, எதையோ தேடி, மூடினார்.

"ஹெம்பெல், என் நூலகத்துல பதினோரு கட்டு இருக்கு. வேற வேற ஊர், வேற வேற ஆளு. ஒவ்வொண்ணு மேலயும் என் கையாலேயே 'கலப்படம், பயன்படாது'ன்னு எழுதி மேல் அலமாரியில ஏத்திவெச்சிருக்கேன். ஏன் தெரியுமா?"

"ஆர்கன் தாள்..."

"எல்லாத்துலயும் ஒரு கட்டை கீழ." அவர் முகத்தைத் துடைத்தார். கைக்குட்டை கறுத்தது. "பதினோரு பேர். சிலருக்கு என் அலமாரியில மட்டும்தான் பேர் மிச்சம். பண்டிகை முடிஞ்சதும் வர்றீங்க. ஆர்கன் எப்படி நகர்ந்ததுன்னு ஊர் ஊராப் போய்ப் பார்க்கணும். என்னால உள்ள நுழைய முடியாது, நீங்க ஒல்லி."

"எனக்கு உயரம் ஆகாது," என்றார் ஆல்பின்.

"இப்போ எங்க உக்காந்திருக்கீங்க?"

ஆல்பின் முதல்முறையாக மாடத்தின் விளிம்பைத் தாண்டிக் கீழே எட்டிப் பார்த்தார். பெஞ்சுகள் வரிசையாக, சின்னதாகத் தெரிந்தன. தலை சுற்றியது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

"பதிப்புக் குழுவுக்கு நான் எழுதறேன். ரெண்டாம் தொகுதியில ஆர்கன் தாளை அவர் எழுதின சுருதியிலேயே போடுங்க," என்றார் எர்ட்மான். "கீழ ஒரு குறிப்பு. நீளமான குறிப்பு. பக்கம் அசிங்கமா இருந்தா இருக்கட்டும். பத்திரிகையில நான் எழுதினதுக்கு நானே பதில் எழுதிக்கறேன், அது என் தலைவலி."

"சங்கத் தலைவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க," என்றாள் ஒட்டீலியே. "தொப்பியைச் சுத்திக்கிட்டே என்ன பதில் சொல்றார்னு நான் பார்க்கணும்."

"எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்கீங்க," ஆர்கனுக்குள்ளிருந்து குன்ட்ஸேயின் குரல் வந்தது. "முப்பது குழாயையும் திரும்ப ஏத்திவெக்கணும். இப்படியே விட்டா ஞாயித்துக்கிழமை பாஸ்டர் என் தோலை உரிச்சிடுவார். யாராவது கை குடுங்க!"

பேராசிரியர் கோட்டைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் போட்டார். கதவுக்கு வெளியே அவர் நின்றார், ஏணியில் ஆல்பின் நின்றார், உள்ளே குன்ட்ஸே. முதல் குழாய் கை மாறியது.

"இதுல என்ன எழுத்து?" என்று கேட்டார் எர்ட்மான்.

"'எஃப்'," என்றார் ஆல்பின்.

"அப்போ எங்க வெக்கணும்?"

"'ஜி'யில. ஆனா உங்க கோட்டு கீழ விழப்போகுது, அதை மொதல்ல எடுங்க."